சிரிச்சே கொன்னவளும் ஒத்தை அம்பு விட்டவனும்

என்ன பேராண்டி, ராத்திரிச் சண்டை எப்படிப் போச்சு? எதிரிப் படை பின்வாங்கிடுச்சா, இல்ல குச்சிக்கிழங்குக் காட்டுலயே கூடாரம் போட்டுடுச்சா?

கோவிச்சுக்காதடா. உட்காரு. ராகிக் கூழு ஆறுது பாரு. உன் பாட்டி விடியறதுக்கு முன்னாலயே போய்ப் பார்த்துட்டு வந்துட்டா. காட்டுப் பன்னிங்க பதினேழு செடியைப் புரட்டிப் போட்டிருக்குதாம். நீ காவலுக்கு நிக்காத ராத்திரியில பன்னெண்டு, பதிமூணுதான் போகும். நீ லைட்டு அடிச்சு வழி காட்டினதுல, இருட்டுல தப்பிப் போன செடியும் அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு போல.

ஓரி விழாவுக்குன்னு வந்து இறங்கின அன்னைக்கு என்னமா பேசினே! கொல்லிமலையோட எழுபது வளைவு சுத்தி வந்த மயக்கம்கூடத் தெளியலை, பையில இருந்து அந்தப் பச்சை லேசரை எடுத்து நீட்டினே. “தாத்தா, கல்லு, அம்பு, குண்டு எல்லாம் முடிஞ்சுபோன கதை. இனிமே வெளிச்சந்தான் ஆயுதம்”னே. நானும் சரிடா சாமின்னு கேட்டுக்கிட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற புள்ளை சொன்னா ஆலத்தூர் நாட்டுல மறுத்துப் பேச யாரு இருக்கா?

ஆனா ராத்திரி இந்தத் திண்ணையில படுத்துக்கிட்டே நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேகம் இறங்கி சில்வர் ஓக் மரத்தையெல்லாம் முழுங்கியிருந்துச்சு. நீ பொத்தானை அமுக்கினே. அந்த மேகத்துக்குள்ள, பாக்கு மரத்தைப் படுக்கப் போட்டாப்புல பச்சையா ஒரு கழி நீண்டுச்சு. “பார்த்தியா தாத்தா, எப்படிப் போவுது!”ன்னு குதிச்சே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். அடேய், வெளிச்சம் போற வழி அவ்வளவு தடியாக் கண்ணுக்குத் தெரியுதுன்னா, வழி நெடுக அது சிந்திக்கிட்டே போவுதுன்னு அர்த்தம். ஓட்டைக் குடத்துல தண்ணி சுமக்கிற கதை. ஒவ்வொரு பனித்துளியும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடுங்கி நாலு பக்கமும் வீசினதாலதானே உன் கண்ணுக்கு அந்தக் கழி வந்துச்சு? பன்னிக்குப் போய்ச் சேர்ந்தது குடத்தோட அடிவண்டல்.

உன் விளையாட்டுச் சாமானை மட்டும் நக்கல் பண்றேன்னு நினைக்காதே. பெரிய லேசருக்கும் இதே சீக்கு உண்டு. நானும் செம்மேட்டு டீக்கடையில பேப்பர் படிக்கிறவன்தான். 2025 ஏப்ரல் 13ஆம் தேதி ஆந்திராவுல கர்னூல் பக்கத்துல நம்ம டிஆர்டிஓக்காரங்க ஒரு லேசரை வெச்சு ஆளில்லா விமானத்தைச் சுட்டு விழுத்தாட்டினாங்க. ஹைதராபாத்துல செஸ்னு ஒரு ஆய்வுக்கூடம் இருக்குது, அங்க செஞ்சது. மார்க் 2ஏன்னு பேரு. 30 கிலோவாட்டு. இறக்கை வெச்ச விமானம், கூட்டமா வந்த ட்ரோன், வேவு பார்க்கிற கருவி, ஆன்டெனா, எல்லாத்தையும் பொசுக்கிக் காட்டினாங்க. இந்த வித்தை கைவந்த நாடு உலகத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான். பெருமைதான், இல்லைன்னு சொல்லலை.

அதோட ஒரு கணக்கும் சொன்னாங்க பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அதைச் சில நொடி சுடறதுக்கு ஆகுற செலவு ரெண்டு லிட்டர் பெட்ரோல் காசுதானாம்! ரெண்டு லிட்டர்னா எனக்குப் புரியுது. நீ பைக்கை எடுத்துக்கிட்டு நாமக்கல் போய் சினிமா பார்த்துட்டு வர்ற செலவு. வெள்ளைக்காரனும் இதே பாட்டைத்தான் பாடுறான். அவனுது டிராகன்ஃபயர்னு ஒண்ணு. ஸ்காட்லாந்து ஓரத்துத் தீவுல சுட்டுப் பார்த்ததா 2024 ஜனவரியில சொன்னவன், ஒரு தடவைக்குப் பத்து பவுண்டுகூட ஆகாதுன்னான். ஒரு கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற ஒத்தைக் காசைக் குறி தப்பாம அடிக்குமாம்.

கேட்க நல்லாத்தான் இருக்குது. ஏவுகணை ஒண்ணு கோடிக்கணக்குல விலை. அதை விட்டு, சந்தையில வாங்கின மோட்டாரைக் கட்டிப் பறக்க விட்ட ஒரு ட்ரோனை அடிக்கிறவனைப் பார்த்தா, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் ஞாபகந்தான் வருது. அந்த வகையில லேசர்க்காரன் பொழைக்கத் தெரிஞ்சவன். ஆனா பேராண்டி, உங்க அப்பனும் என்கிட்ட பைக் கேட்டப்ப இப்படித்தான் கணக்குச் சொன்னான். “பெட்ரோல் செலவு ரொம்பக் கம்மிப்பா”ன்னான். பைக் விலையைப் பத்தி வாயே திறக்கலை.

அப்பறம் அந்த 30 கிலோவாட்டு. அஞ்சு குதிரைத்திறன் மோட்டார் எட்டு சேர்ந்து இழுக்கிற சக்தி அது. அவ்வளவும் வெளிச்சமா வெளிய வரணும்னா, உள்ள அதைப்போல ரெண்டு மூணு மடங்கு கரண்டை ஊத்தணும். மிச்சமெல்லாம் சூடாகி அந்த மெஷினையே வேக வைக்கும். அதை ஆத்தறதுக்குத் தனியா ஒரு ஏற்பாடு. ஆக, இருபது மோட்டார் ஓடுற கரண்டைச் சுமந்துக்கிட்டு ஒரு லாரி நிக்கணும். நம்ம வீட்டுல கிரைண்டர் போட்டாலே டியூப்லைட்டு கண்ணடிக்குது. குண்டு அப்படியில்லை. அது தன் கட்டுச்சோத்தைத் தன் இடுப்புலயே கட்டிக்கிட்டு வரும். தோட்டாவுக்குள்ளயே மருந்து இருக்குது. பத்து வருசம் பெட்டியில கிடந்தாலும் நனையாம இருந்தா, தட்டின உடனே கிளம்பிடும்.

நனையாம இருந்தாங்கிறதை அழுத்தித்தான் சொல்றேன். எங்க அப்பன்கிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு. வாய்வழியா மருந்தைக் கிட்டிச்சு, துணியை அடைச்சு, பால்ரஸ் குண்டு போடுற சாதி. ஆடி மாசத்துல ஒரு நாள் பன்னி பத்தடியில வந்து நிக்குது. எங்க அப்பன் குறி பார்த்து இழுத்தாரு. ‘புஸ்ஸு’ன்னு ஒரு சத்தம், அடுப்புல ஈர விறகு வெச்சாப்புல. பன்னி திரும்பி எங்க அப்பனை ஒரு பார்வை பார்த்துச்சு பாரு, மனுசன் அப்பறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அந்தத் துப்பாக்கியை ஸ்டேசன்ல ஒப்படைச்சு எத்தனையோ வருசமாச்சு. இப்பவும் போலீஸ்காரங்க வந்து, லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. என்னைப் பார்க்காதே. என்கிட்ட இருக்கிறது கவண் ஒண்ணுதான்.

இப்ப ஒண்ணு கேக்கறேன், சொல்லு. பறக்கிற காக்காயைக் கவண்ல அடிக்கணும்னா எங்க பார்த்து அடிப்பே? காக்காயைப் பார்த்தா? அப்ப உனக்கு ஆயுசுக்கும் காக்கா சிக்காது. அது போகப் போற இடத்தைப் பார்த்து அடிக்கணும். கல்லு போய்ச் சேர நேரம் ஆகும், அதுக்குள்ள அது நகர்ந்துடும். அதுமட்டுமா, கல்லு கீழ சரியும், காத்து ஒரு பக்கமாத் தள்ளும். துப்பாக்கிக் குண்டுக்கும் இதே தலைவலிதான். நொடிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் வேகத்துல கிளம்பினாலும் ஒரு கிலோமீட்டர் போக ஒரு நொடிக்கு மேல ஆகும். அதுக்குள்ள ட்ரோன் முப்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். வெளிச்சத்துக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர். எங்க தெரியுதோ அங்கயே அடிக்கலாம். இதுல மட்டும் உன் லேசருக்கு முன்னாடி நான் துண்டை இடுப்புல கட்டிக்கிறேன்.

ஆனா வெளிச்சம் போய்ச் சேர்றது வேற, பட்டது செத்துப்போறது வேற. குண்டு பட்டா அறை விழுந்தாப்புல, அந்த நிமிசமே கணக்கு முடிஞ்சுது. லேசர் இஸ்திரிப் பெட்டி. உன் சட்டையில ஓட்டை விழணும்னா என்ன பண்ணணும்? பெட்டியை ஒரே இடத்துல அசையாம வெச்சுக்கிட்டு நிக்கணும். இழுத்துக்கிட்டே போனா சுருக்கந்தான் போகும். கர்னூல்லயும் அப்படித்தான். பறந்து போற ட்ரோன்ல ஒரு சாண் இடத்தைப் பிடிச்சு, அது ஆடினாலும் உருண்டாலும் விடாம, சில நொடி அதே இடத்துலயே பிடிச்சு வெச்சிருக்கணும். மெஷினோட மூளையெல்லாம் அங்கதான் இருக்குது. ராத்திரி உன் கை நடுங்கின நடுக்கத்துக்குப் பன்னி முதுகுல பச்சைப் புள்ளி பரதநாட்டியமில்ல ஆடிச்சு!

ஒரு ட்ரோன் வந்தா இஸ்திரி போடலாம். இருபது வந்தா? ஒண்ணுக்கு அஞ்சு நொடின்னு வை. கடைசி ட்ரோன் வர்றதுக்குள்ள ஒண்ணு நீ ஜெயிச்சிருப்பே, இல்ல உன் லாரி எரிஞ்சிருக்கும்.

நம்ம மலையை ஆண்ட ஓரி கதைக்கு வா. செம்மேட்டுல குதிரை மேல சிலையா நிக்கிறாரே, வருசா வருசம் ஆடி 18க்குக் கவர்மெண்டு விழா எடுக்குது, பசங்க வில்வித்தைப் போட்டிக்கு வர்றாங்க. அவர் விட்ட ஒத்தை அம்பு யானையைச் சாய்ச்சு, புலி வாயில புகுந்து, மானை உருட்டி, பன்னியை விழுத்தாட்டி, புத்துக்குள்ள இருந்த உடும்புல போய்த் தைச்சு நின்னுச்சாம். புறநானூத்துல வன்பரணர் சொல்லியிருக்காரு. புலியும் மானும் பன்னியும் ரேசன் கடை வரிசையில நின்னாப்புல ஒண்ணு பின்னால ஒண்ணு ஏன் நின்னுச்சுன்னு நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்க வாத்தியாரைக் கேட்டேன். பெஞ்சு மேல ஏத்திவிட்டாரு.

ஆனா புலவர் கெட்டிக்காரருடா. அம்பு உடும்புல நின்னுடுச்சுன்னு முடிச்சாரு பாரு! யானைக்குக் கொஞ்சம், புலிக்குக் கொஞ்சம்னு கொடுத்துக் கொடுத்துக் கைச்சரக்கு தீர்ந்துபோய் அங்க நின்னுச்சு. எறியற ஆயுதத்தோட குணமே அதுதான். கையை விட்டுப் போகறப்ப எவ்வளவு கொடுத்தியோ அவ்வளவுதான் அதுக்குச் சொத்து. போற வழியில ஒரு பைசா கூடாது. ஆனா அந்தச் சொத்தை ஒரே இடத்துல மொத்தமா இறக்கிவிடும். யானைத் தோலைக் கிழிக்க அது வேணும். உன் 30 கிலோவாட்டை யானை மேல பிடிச்சா, மயிர் கருகி, கோவம் வந்து, அது மெஷினைத் தூக்கி வீசிட்டு அப்பறந்தான் சொறிஞ்சுக்கும்.

ஓரி அம்பு செத்துப்போச்சுன்னு எவன் சொன்னான்? புளியஞ்சோலை வழியா இறங்கித் துறையூரைத் தாண்டினா திருச்சி. அங்க ஹெவி அல்லாய் பெனிட்ரேட்டர் ப்ராஜெக்ட்னு ஒரு தொழிற்சாலை இருக்குது. டங்ஸ்டன் கலந்த கன உலோகத்துல நீளமா, ஒல்லியாக் கம்பி மாதிரி செய்றாங்க. டாங்கி பீரங்கியில வெச்சுச் சுடறதுக்கு. அதுல வெடிமருந்துகூடக் கிடையாது. வெறும் கூரும் பாரமும். வாலுல இறகு மாதிரி தகடு வேற. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல வேகம். போய் எதிரி டாங்கியோட இரும்புத் தோலைப் பொத்துக்கிட்டு உள்ள போயிடும். கூர் இருக்குது, தண்டு இருக்குது, இறகு இருக்குது, இதுக்குப் பேரு என்னடா? அம்புதானே! வில்லை மட்டும் மாத்தியிருக்காங்க. அந்த இரும்புத் தோலை லேசர் வெச்சுச் சுட்டுத் துளைக்கணும்னா டாங்கிக்காரன் டீ குடிச்சுட்டு வந்து நிக்கற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்.

சரி, அம்புக்கு ஓரி. உன் வெளிச்சத்துக்கு? அதுக்கும் இந்த மலையிலதான் ஆள் இருக்குது. நம்ம கொல்லிப்பாவையை மறந்துட்டியா? எட்டுக்கை அம்மன்னு கும்பிடறோமே, அவதான். முனிவங்களைத் தொந்தரவு பண்ண வந்த அசுரங்களைப் பார்த்து அவ சிரிப்பாளாம். சிரிச்ச உடனே அவனுங்க காலி. கல்லு இல்ல, அம்பு இல்ல, சத்தம் இல்ல, ரெண்டு லிட்டர் பெட்ரோலும் இல்ல. அமெரிக்காக்காரன் 2014இல் ஒரு கப்பல்ல 30 கிலோவாட்டு லேசரை ஏத்தி வளைகுடாக் கடலுக்கு அனுப்பிட்டு, உலகத்துல முதல் தடவைன்னு மார் தட்டினான். முதல் தடவையாம்! நம்ம ஆத்தா அவங்க பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சு முடிச்சுட்டா.

சிரிக்காதே, கேளு. அந்தக் கதையை யோசிச்சுப் பாரு. அசுரன் அவ கண் முன்னாடி வந்து நின்னாத்தான் செத்தான். மலைக்கு அந்தப் பக்கம், சேந்தமங்கலத்துல இருந்தவனை அவ சிரிச்சுக் கொன்னதா யாருமே சொல்லலை. வெளிச்சம் நேராப் போகும், வளையத் தெரியாது. என் கவண் கல்லு வரப்பைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, வளைஞ்சு போய் அந்தப் பக்கம் விழும். பீரங்கிக் குண்டு மலையையே தாண்டி விழும். ராத்திரி பன்னி என்ன பண்ணுச்சு? நீ லைட்டைத் திருப்பின உடனே பாறைக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டு அங்க இருந்த கிழங்கைத் தின்னுச்சு. அதுக்கு இன்ஜினியரிங் யார் சொல்லிக் கொடுத்தா?

ஆத்தா கதையில இன்னொண்ணு. காத்து அடிச்சாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும் அந்தப் பாவை தன் உரு மாறமாட்டாள்னு சங்கப் பாட்டுலயே இருக்குது. கர்னூல்காரங்களும் ஸ்காட்லாந்துக்காரங்களும் இன்னும் அந்த இடத்துக்கு வரலை. மழை, மூடுபனி, புழுதி, புகை, எல்லாமே லேசருக்குச் சம்பந்தி வீட்டுச் சண்டை. போதாததுக்கு, தான் போற வழிக் காத்தையே சூடாக்கிக்கும். சூடான காத்து வெளிச்சத்தை விரிச்சு விட்டுடும். கானல்ல ரோடு நெளியுமே, அது மாதிரி. கர்னூல்ல ஏப்ரல் வெயில். மழை, பனி இல்லாத நாள் பார்த்துத்தான் காட்டியிருக்காங்க. ஆடி மாசம் ஆலத்தூர் நாட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லு, கூழு ஊத்திக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

வாட்ஸ்அப்புல ‘காளி’ன்னு ஒண்ணு சுத்துதே, அதையும் நம்பிக்கிட்டு இருந்தியே. எதிரி ஏவுகணையை எரிக்கும், பனிமலையை உருக்கும்னு! அது மும்பையில பாபா அணு ஆராய்ச்சி மையத்துல வெச்சிருக்கிற எலக்ட்ரான் முடுக்கிடா. கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர்ங்கிறதோட முதல் எழுத்தெல்லாம் சேர்த்தா இங்கிலீசுல காளி. கண் இமைக்கிற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குகூட அதோட துடிப்பு நிக்காது. மின்னணுச் சாமான் தாங்குமான்னு சோதிச்சுப் பார்க்கிறதுக்கு உதவுது. பேரை வெச்சு வரம் கேக்கற ஆளுங்கடா நாம.

லேசரை வெச்சு ஏவுகணையை அடிச்சுப் பார்த்தவனும் உண்டு. அமெரிக்காக்காரன் ஒரு போயிங் 747 விமானத்தோட மூக்குலயே லேசரைக் கட்டினான். 2010 பிப்ரவரியில பறக்கிற ஏவுகணை ஒண்ணை நிஜமாவே அதை வெச்சு விழுத்தாட்டினான். ஆனா சண்டைன்னு வந்தா அந்த விமானம் எதிரி நாட்டு எல்லைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தாத்தான் வெளிச்சம் எட்டும்னு கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. அடுத்த வருசம் திட்டத்துக்குக் கும்பிடு போட்டுட்டாங்க. கிட்டத்தட்ட 500 கோடி டாலர். அதுக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல்னு நீயே கணக்குப் போடு, எனக்குக் கை விரல் பத்தலை.

அதுக்காகப் பழசே போதும்னு சொல்ற கிழவன்னு என்னை நினைச்சுடாதே. 2025 மே மாசம் எல்லையில ட்ரோன் கூட்டம் கூட்டமா வந்துச்சே, அப்ப ஏவுகணையோட கூட நின்னு அடிச்சது சுவீடன்காரன் போஃபர்ஸ் எல்-70, 40 மில்லிமீட்டர் பீரங்கி. என் வயசு இல்லைன்னாலும் உங்க அப்பன் வயசுக்குக் குறையாது. புதுக் கண்ணாடி மாட்டி விட்டாங்க, குருவி சுடற மாதிரி சுட்டுச்சு. அதே வருசம் ஆகஸ்டு 23ஆம் தேதி ஒடிசா கடற்கரையில என்ன பண்ணாங்க தெரியுமா? ரெண்டு வகை ஏவுகணையையும் லேசரையும் ஒரே கட்டுல கட்டி, மூணு வேற வேற இலக்கை ஒரே நேரத்துல அடிச்சாங்க. தூரத்துல வர்றதுக்கு எறியறது, கிட்ட வந்த சில்லறைக்கு வெளிச்சம். உன் பாட்டி நாப்பது வருசமா இதைத்தான் பண்றா. முதல்ல முறைப்பா. நான் அவ கண்ணுல படாம மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் ஒதுங்கிட்டா, கரண்டி வளைஞ்சு வந்து விழும்.

ஒண்ணு மட்டும் விளையாட்டுக்குச் சொல்லலை, காதுல வாங்கிக்கோ. ராத்திரி நீ நம்ம கருப்பன் மூஞ்சியில அதை அடிச்சுப் பார்த்தே. இனிமே செய்யாதே. நாய் கண்ணுக்கும் மனுசன் கண்ணுக்கும் அது ஆகாது. பார்வையை நிரந்தரமாப் பறிக்கிறதுக்குன்னே செய்ற லேசர் ஆயுதம் கூடாதுன்னு 1995இல் வியன்னாவுல உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்குது, நம்ம இந்தியாவும் அதுல சேர்ந்திருக்குது. ஆளைக் கொல்றதுக்கு ஆயிரம் வழி வெச்சிருக்கிறவனுங்களே கண்ணை விட்டு வெச்சிருக்கானுங்கன்னா பார்த்துக்கோ.

சரி, எந்திரி. அந்த லேசரைத் தூக்கி மூலையில போடாதே, இப்படிக் கொடு. எங்க அமுக்கணும்? இதுவா? அட, சுளுவா இருக்குதே.

இப்ப அந்தப் பலா மரத்தைப் பாரு. மேகம் கலைஞ்சுடுச்சு, நல்லாத் தெரியும். எனக்கு முட்டி மடங்கி மூணு வருசமாச்சு, மரம் ஏற முடியலை. கீழ நின்னு “அந்தக் கொப்புடா, அதுக்கு மேல, அதுக்கு இடது கைப்பக்கம்”னு கத்தினா ஏறுறவன் பச்சைக் காயை வெட்டிட்டு வர்றான். போன வாரம் அப்படித்தான் ரெண்டு காய் வீணாப்போச்சு. இங்க பாரு, பச்சைப் புள்ளி தெரியுதா? மேல இருந்து ரெண்டாவது கொப்புல, முள்ளு அகண்டு, மஞ்சள் தட்டிக் கிடக்குதே, அதேதான். நான் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு இப்படியே அசையாமப் பிடிச்சுக்கிறேன்.

என்ன பேராண்டி முழிக்கிறே? அருவாளை இடுப்புல சொருகிக்கிட்டு ஏறு.